பல்வலியும் படையல் மேசையும்

"ஒரே ஒரு படிதான் அக்கா. ரொம்பச் சின்னது."

போனில் இதைச் சொன்ன பல் கிளினிக் பெண்ணுக்குத் தேன் குரல். எனக்கு அந்த நேரத்தில் தேனும் பிடிக்கவில்லை, குரலும் பிடிக்கவில்லை. வலது கடைவாய்ப் பல் மூன்று நாளாக என்னை உயிரோடு அரைத்துக்கொண்டிருந்தது.

"சின்னதுன்னா எவ்வளவும்மா?"

"ஒரு சாண் இருக்கும். யாரும் கவனிக்கவே மாட்டாங்க."

நடக்கிறவர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள், வாஸ்தவம்தான். என் பேட்டரி நாற்காலி ஒரு பீரோ கனம். அதற்கு ஒரு சாண் என்பது மதில் சுவர். நான் ஏன் நாற்காலியில் இருக்கிறேன், எப்போதிலிருந்து இருக்கிறேன் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். இது பல் கதை.

தைவானில் எங்கள் சியாயி நகரத்தில் பல் டாக்டருக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் பல் படம் போட்ட போர்டு ஒன்று சிரிக்கும். காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒரு இடத்தில் லிஃப்ட் இருக்கிறது, லிஃப்ட் வரைக்கும் போகப் படி ஏற வேண்டும். இன்னொரு இடத்தில் படியில்லை, ஆனால் கதவு என் நாற்காலியை விடக் குறுகல். மற்றொருவர், "நம்ம ஆளுங்க இருக்காங்க, அலேக்கா தூக்கிடுவாங்க" என்றார் உற்சாகமாக. பெரிய ஆஸ்பத்திரியில் சரிவுப் பாதை உண்டு, தானாகத் திறக்கும் கதவு உண்டு, நாற்காலியோடு திரும்ப இடமுள்ள கக்கூஸ்கூட உண்டு. பல் பார்க்க அடுத்த மாதம்தான் இடம் என்றார்கள். பல்லிடம் போய் அதை யார் சொல்வது?

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சமையல் கேஸ் கம்பெனிக்குப் போனில் ஆர்டர் எடுக்கிறவள். பேசினால்தான் பிழைப்பு. அன்று வாயைத் திறந்தால் கொழகொழவென்று வந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர், "ஏம்மா ஃபாங்-யூ, விடியறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டியா?" என்று கேட்டார். மாத்திரை கொண்டுவந்த மருந்துக் கடைக்காரர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, இது கண்வரைக்கும் ஏறினால் அவசரப் பிரிவுதான், தள்ளிப் போடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் போட்ட ஒரு போனில்தான் வழி பிறந்தது.

"எங்க வாசல்ல படியே கிடையாது அக்கா" என்றாள் அந்த ரிசப்ஷன் பெண். "போன மாசம்கூட ஒரு சார் உங்களை மாதிரி பேட்டரி நாற்காலியிலதான் வந்துட்டுப் போனார். ஆனா அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க. டாக்டர் வீட்டுல இன்னைக்குப் படையல். நாளையிலிருந்து ஒரு வாரம் லீவு வேற."

அன்று எங்கள் சந்திர மாதக் கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமி. கும்பிட வாரிசு இல்லாமல் அலைகிறவர்களுக்கெல்லாம் ஊரே சேர்ந்து சோறு போடுகிற நாள். பேய் என்று அவர்களை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கோபித்துக்கொள்வார்கள். நல்ல அண்ணன்மார் என்றுதான் சொல்வோம்.

வீட்டை விட்டு இறங்கியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் நடைபாதை என்பது கடைகளுக்கு முன்னால், மாடிக்கு அடியில் ஓடுகிற நீள வராந்தா. வெயில் படாது, மழை படாது, நடக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசல் தரையைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றிக் கட்டியிருப்பார். ஒரு கடை ஏறும், அடுத்தது இறங்கும், அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மட்டமாக இருக்கிற இடத்தில் ஸ்கூட்டர் நிற்கும். அதனால் நான் எப்போதும் சாலையில்தான் போவேன், பஸ்காரன் திட்டத் திட்ட. அன்று பார்த்தால் வராந்தாவில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கழுவி, துடைத்து, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் அந்த ஸ்கூட்டரை ஒரு முழம் தள்ளி வையுங்கள் என்று எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன். செத்தவர்கள் வருகிறார்கள் என்றால் சொல்லாமலே எடுத்துவிடுகிறார். உயிரோடு இருப்பதில் எனக்கு என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே போனேன். எடுத்த இடத்திலெல்லாம் படையல் மேசை போட்டிருந்தார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

ரிசப்ஷன் பெண் பொய் சொல்லவில்லை. கிளினிக் வாசலில் படி இல்லை. ஆனால் வாசல் இருக்கிற வராந்தா சாலையிலிருந்து முழங்கால் உயரம். அதற்கு மேலே ஏற ஒரே வழி, பக்கத்து அரிசிக் கடைக்காரர் மூட்டை வண்டி தள்ளுவதற்காகப் போட்டிருந்த சிமெண்டுச் சரிவு. இரண்டு கடைக்கும் ஒரே தரை. அகலமான, அழகான சரிவு. அதன் உச்சியில், குறுக்கே, மேசை.

மேசை என்றால் சாதாரண மேசை இல்லை. முழு வாத்து ஒன்று, பன்றிக்கறி, மீன், அன்னாசி, பீர் பாட்டில், அடுக்கடுக்காக நூடுல்ஸ் பாக்கெட், பிஸ்கெட். ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுபத்தி குத்தியிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், புதுத் துண்டு, ஒரு சீப்பு. வருகிறவர்கள் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ள.

அரிசிக் கடைக்காரம்மா ஏப்ரனில் கை துடைத்தபடி வந்தாள். சை-யுன் என்று பெயர், பிறகு தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும்.

"முதலாளியம்மா, மேசையைக் கொஞ்சம் ஒதுக்கினா நான் ஏறிடுவேன். பல் டாக்டரைப் பாக்கணும்."

"அடிப் பாவமே, என்னம்மா இது, கன்னம் பன் மாதிரி ஆகியிருக்கு" என்று பதறினாள். உடனே மேசையைத் திரும்பிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஆனா இப்ப முடியாதே. அவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்களே."

நானும் இந்த ஊர்க்காரிதான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டை இழுப்பது உயிரோடு இருப்பவர்களுக்கே ஆகாது.

"எப்ப முடிப்பாங்க?"

"கேட்டுப் பாக்கறேன் இரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வருஷம் மழை வருதுன்னு கேக்காமலே எடுத்துட்டேன். அந்த வாரமே இவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போச்சு."

"நான் விழுந்தது செருப்பு வழுக்கி" என்று கடைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. அவள் புருஷன் ஆ-தெங்.

"நீங்க சும்மா இருங்க. அத்தனை வருஷம் வழுக்காத செருப்பு அன்னைக்கு ஏன் வழுக்குச்சு?"



சை-யுன் இரண்டு பத்து யுவான் நாணயங்களை எடுத்தாள். இரு உள்ளங்கையிலும் பொத்தி, கண்ணை மூடி, "நல்ல அண்ணன்மாரே, சாப்பிட்டாச்சா? திருப்தியா?" என்று கேட்டுத் தரையில் போட்டாள். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆமாம். இரண்டும் பூ விழுந்தது. இல்லை என்று அர்த்தம்.

புதுப் பத்தி கொளுத்தினாள். பீரை மறுபடி ஊற்றினாள். நான் சரிவுக்குக் கீழே வெயிலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி போட்டாள். இரண்டும் தலை. அப்படி விழுந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள் என்று கணக்கு.

"சிரிக்கறாங்க" என்றாள்.

"எதுக்கு? என் மூஞ்சியப் பாத்தா?"

"அப்படிச் சொல்லாதேம்மா. கேள்வி சரியில்லைன்னாலும் சிரிப்பாங்க."

அதற்குள் கிளினிக் கதவு திறந்து டாக்டர் வெங் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், முகக்கவசத்தைத் தாடையில் இறக்கி விட்டிருந்தார். வராந்தாவிலிருந்து குதித்து இறங்கி, என் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் பேச்சு மெதுவாகிவிட்டது.

"உள்ள சீழ் கோத்திருக்கு. இன்னைக்கே திறந்து விட்டாகணும்."

"இங்கயே திறந்து விடுங்களேன் டாக்டர்."

"நடுரோட்டுலயா? எக்ஸ்ரே எடுக்கணும், மரப்பு ஊசி போடணும், உறிஞ்சற குழாய் வேணும்." கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. "என் வீட்டுலயும் படையல் காத்துட்டு இருக்கு, ஆனா பரவாயில்லை, நான் இருக்கேன். நீங்க மட்டும் உள்ள வந்துட்டா போதும்."

நான் மட்டும் உள்ளே வந்துவிட்டால் போதும். என் வாழ்க்கையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை.

பக்கத்து டயர் கடைக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "எதுக்கு இவ்வளவு பேச்சு? நாற்காலி இங்க கிடக்கட்டும். இவங்களை நான் கால் பக்கம் பிடிக்கறேன், டாக்டர் நீங்க தோள் பக்கம்."

"வேணாம்" என்றேன்.

"பயப்படாதீங்க அக்கா, டயரே தூக்கறேன்."

"நான் டயர் இல்லை." பல்வலியில் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. "போன வருஷம் ஒரு கல்யாண விருந்துல இப்படித்தான் தூக்கினாங்க. பாதி படியில ஒருத்தருக்குப் போன் வந்துச்சு. ஒரு கையை எடுத்தார். என் தோள்பட்டை எலும்பு ரெண்டாச்சு. அப்புறம் நான் ரெண்டு மாசம் நாற்காலியையே ஓட்ட முடியாமக் கட்டில்ல கிடந்தேன். செத்தாலும் இன்னொரு தடவை என்னை யாரும் தூக்கக் கூடாது."

டயர் கடைக்காரர் தன் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள்தான் என்னை எப்போதும் கீழே போடுவார்கள்.

சை-யுன் மூன்றாம் தடவை போட்டாள். மறுபடியும் இல்லை.  என் கன்னத்தையும் பார்க்கிறாள், மேசையையும் பார்க்கிறாள், உள்ளே இடுப்புப் பட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் புருஷனையும் பார்க்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் மட்டும் என்ன, அந்த மேசையை இடித்துக்கொண்டு போ என்று யாராவது சொல்லியிருந்தால் போயிருப்பேனா? மாட்டேன். பயம் எனக்கும் உண்டு. ஆனால் பல் விண்விண் என்று தெறித்தது. கண்ணுக்குக் கீழே தோல் இறுகுவது போலிருந்தது. ஐந்து மணி ஆகி, இவர்கள் எல்லோரும் வருத்தப்பட்டு, நான் வந்த வழியே பஸ்ஸுக்குப் பக்கத்தில் திரும்பிப் போவதை நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அழுதால் இன்னும் வலித்தது. அதில் வந்த எரிச்சலில்தான் எனக்கு அது தோன்றியது.

"முதலாளியம்மா, நீங்க என்னன்னு கேக்கறீங்க?"

"சாப்பிட்டாச்சான்னு. எப்பவும் கேக்கறதுதான்."

"அவங்க சாப்பிடலை, அதனால இல்லைங்கறாங்க. உண்மையத்தானே சொல்றாங்க? வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க, நிதானமாத்தான் சாப்பிடுவாங்க. நான் அவங்களை எழுந்திருக்கச் சொல்லலையே. கொஞ்சம் நகர்ந்து உக்காருவீங்களான்னு கேளுங்க."



"சாப்பாட்டோடவா?" என்றாள் சை-யுன்.

"சாப்பாட்டோட. பத்தியோட. பேசின், துண்டு, சீப்பு எல்லாத்தோடயும். ஒன்னையும் எடுக்க வேணாம்."

"அப்படி யாரும் கேட்டதே இல்லையேம்மா."

"எங்கிட்டகூட யாரும் கேட்டதில்லை. கேட்டா நான் நகருவேன்."

டாக்டர் வெங் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.  சை-யுன் சரிவில் இறங்கி வந்து, நாணயங்களை என் மடியில் வைத்தாள்.

"அப்ப நீயே கேளு. வழி வேண்டியது உனக்கு. நான் கேட்டா முறையில்லை. பேர், விலாசம், வயசு எல்லாம் சொல்லி, என்ன வேணும்னு தெளிவாச் சொல்லு."

பேரும் விலாசமும் கேட்பது என் தொழில். ஆனால் இப்போது சொல்ல வேண்டியவள் நான். இதுவரை இல்லை என்றது சை-யுனுக்கு. இனி இல்லை என்றால் அது எனக்கு. அதற்குப் பிறகு அவள் மேசையைத் தொடவே மாட்டாள். நானும் தொடச் சொல்ல மாட்டேன். நாணயங்களைக் கையில் பொத்தினேன். 

"நல்ல அண்ணன்மாரே. என் பேர் லியாவ் ஃபாங்-யூ. கிழக்கு வட்டாரம், பழைய பால் பண்ணைச் சந்து, பதினோராம் நம்பர், கீழ் வீடு. வயசு நாப்பத்தொன்னு. எனக்குப் பல் வலிக்குது. ரொம்ப வலிக்குது. நீங்க சாப்பிடுங்க, யாரும் அவசரப்படுத்தலை. மேசையை அப்படியே கொஞ்சம் இடது பக்கம் வைக்கட்டுமா? எனக்கு ஒரு நாற்காலி அகலம் போதும்."

போட்டேன். ஒன்று சரிவிலேயே உடனே விழுந்து கிடந்தது, பூ. இன்னொன்று சிமெண்டில் உருண்டு, சரிவில் இறங்கி, சாலை ஓரம் வரைக்கும் போய்ச் சுற்றிச் சுற்றி விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. டயர் கடைக்காரர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தலை" என்றார்.

சை-யுன் "அப்பாடா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்குள்ளிருந்து ஆ-தெங், "நான் சொல்லலை? அவங்க நல்லவங்க" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் ஒரு மூலை, டயர் கடைக்காரர் ஒரு மூலை, சை-யுன் ஒரு மூலை, ரிசப்ஷன் பெண் ஒரு மூலை. ஒரு பத்திச் சாம்பல் உதிரக் கூடாது, ஒரு சொட்டு பீர் தளும்பக் கூடாது. "மெதுவா, மெதுவா, வாத்து சாயுது" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேசையைத் தூக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். என்னைத் தூக்க வந்த அதே கைகள். என்னைத் தூக்கியவர்கள் யாரும் இவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை. ஆ-தெங் இடுப்பைப் பிடித்தபடி வந்து, பேசினைத் தண்ணீர் அலுங்காமல் மேசைக்குப் பக்கத்தில் கொண்டு வைத்தார்.

நான் சரிவில் ஏறினேன். மேசையைத் தாண்டும்போது, காலியாகத் தெரிந்த இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்க, போயிக்கறேன்" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

உள்ளே டாக்டர் என்னைப் பல் நாற்காலிக்கு மாறச் சொல்லவில்லை. என் நாற்காலி முதுகைச் சாய்த்துக்கொள்ளும், அதை விளக்கை நோக்கித் திருப்பச் சொன்னார், அவ்வளவுதான். ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் யாருடைய கன்னமோ மாதிரி ஆயிற்று. அவர் திறந்து விட்டதும் ஒரு நாற்றம் வந்தது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அதோடு வலி இறங்கியது. மூன்று நாள் என் தலைக்குள் குடியிருந்த ஒன்று பெட்டி படுக்கையோடு காலி செய்துகொண்டு போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வலிக்குதா?" என்று டாக்டர் பயந்துவிட்டார். இல்லை என்று தலையாட்டினேன். வலிக்காததால்தான் அழுகிறேன் என்று சொல்லலாம் என்றால் வாய் அவர் கையில் இருந்தது.

நான் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அண்ணன்மார் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கேட்டதற்கு முதல் தடவையிலேயே ஆமாம் என்று விழுந்ததாம். அண்ணன்மார் செலவுக்கென்று இரும்புத் தொட்டியில் காகிதப் பணம் எரிந்துகொண்டிருந்தது. சை-யுன் ஒரு பையில் நூடுல்ஸ், பிஸ்கெட், பாதி வாத்து எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு கடையிலிருந்து வராந்தாவுக்கு வந்தாள்.

"இந்தா, கொண்டு போ. உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

வாங்கிக்கொண்டேன். எனக்கு எல்லாமே இப்படி வாசலுக்குத்தான் வரும். டீயா, துணியா, பாங்கில் கையெழுத்துப் போட வேண்டிய தாளா, உள்ளே இருந்து யாராவது எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். அன்பாகத்தான் வருவார்கள். நீங்க சிரமப்படாதீங்க என்பார்கள். அந்த அன்பில் நான் இந்த ஊரில் பாதிக் கடையின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. காலியாகிவிட்ட மேசையைப் பார்த்தேன். அண்ணன்மாருக்கும் வாசலில்தான் போடுகிறோம். விதவிதமாகப் போடுகிறோம். சாப்பிட்டுவிட்டு அப்படியே போய்விட வேண்டும், உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதான் வாசலில் போடுகிறோம். அவர்கள் எனக்கு நகர்ந்து உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.

"முதலாளியம்மா, நான் உள்ள வரலாமா?"

"என்ன வேணும் சொல்லு, நானே எடுத்துட்டு வரேன்."

"ஒன்னும் வேணாம். சும்மா உள்ள வரணும்."

அவள் என்னைப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, வாசலில் கிடந்த ஒரு மூட்டையைக் காலால் தள்ளினாள். "வா" என்றாள்.

மூட்டை வண்டி போகிற கதவு, என் நாற்காலி தாராளமாகப் போயிற்று. உள்ளே அரிசி வாசனை. சீலிங் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. ஆ-தெங் டி.வி.யில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கும் தெரிகிற மாதிரி டி.வி.யைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். டீ குடிக்கிறாயா என்று சை-யுன் கேட்டாள். வாய் மரத்திருக்கிறது, ஒழுகிவிடும் என்றேன். சரி என்று அவளும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்த டீம் ஜெயிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.